இளமரத்தில் கத்தி வைக்கலாமா?

பால்மரத் தோட்டங்களில் வாழ்ந்து பழகிய நம் பெரியோர்க்கு ஓர் உண்மை நன்கு தெரியும். நட்டவுடன் மரம் பால் தருவதில்லை. கன்று வேரூன்ற வேண்டும். தண்டு பருக்க வேண்டும். பட்டை தடிக்க வேண்டும். தரையிலிருந்து குறித்த உயரத்தில் அடிமரத்தைச் சுற்றி அளந்து பார்த்து, சுற்றளவு ஏறத்தாழ 45 முதல் 50 சென்டிமீட்டரை எட்டிய பின்னரே அம்மரத்தில் கத்தி வைப்பார்கள். அதற்கு ஐந்து முதல் ஏழு ஆண்டுகள் வரை ஆகும். ஆசை மிகுதியால் இளமரத்தை வெட்டினால் இன்றைக்குச் சிறிது பால் கிடைக்கும். ஆனால் மரத்தின் வளர்ச்சி குன்றி, பின்னாளில் பல்லாண்டுகள் கிடைக்க வேண்டிய பால் குறைந்துபோகும். அளவுக்கு மீறி வெட்டப்பட்ட மரம் பட்டை வறண்டு பால் மறுத்து நிற்பதையும் நம் பாட்டாளி மக்கள் கண்டிருக்கிறார்கள்.

மரத்திற்குக் காட்டிய இந்தப் பொறுமையை நம் பிள்ளைகளுக்குக் காட்டுகிறோமா? இவ்வாண்டு மலரில் நாம் எழுப்ப விரும்பும் வினா இதுதான்.

ஆண்டுதோறும் இல்ல விளையாட்டுப் போட்டி நெருங்கும்போதும், அதனைத் தொடர்ந்து மாவட்டப் போட்டிகள் வரும்போதும் பள்ளித் திடலில் ஒரே காட்சியைக் காண்கிறோம். விரைந்து ஓடும் சிலரும் உயரமாய் வளர்ந்த சிலரும் தேர்ந்தெடுக்கப்படுகிறார்கள். ஒருவனுக்கு 100 மீட்டர் ஓட்டம், ஒருத்திக்கு நீளத் தாண்டுதல், மற்றொருவனுக்குக் காற்பந்து என்று பங்கு பிரிக்கப்படுகிறது. பத்து வயதுச் சிறுவன் அன்று முதல் ‘நூறு மீட்டர்க்காரன்’ ஆகிவிடுகிறான். அவன் செய்யும் பயிற்சியும் அது ஒன்றே. எஞ்சியவர்கள் திடலோரம் நின்று கை தட்டுகிறார்கள்.

தொடக்கப் பள்ளிப் பருவத்தில் பிள்ளைகளுக்கு வேண்டுவது உடல் முழுவதையும் வளர்க்கும் பொதுவான உடற்பயிற்சியா? அல்லது ஒரே விளையாட்டிற்கென வகுக்கப்பட்ட தனிப் பயிற்சியா? இவ்விரண்டில் முன்னது அடித்தளம், பின்னது மேல்மாடி என்பதும், 12 வயது நிறையும் வரை அடித்தளத்தையே நாம் அகலமாகவும் ஆழமாகவும் போட வேண்டும் என்பதும் எமது துணிபு. அதற்கான காரணங்களைப் பெற்றோர்கள் முன்னும், தோட்டப் பாட்டாளித் தோழர்கள் முன்னும், மாணவச் செல்வங்கள் முன்னும் வைக்க விழைகிறோம்.

முதலில் இவ்விரண்டும் யாவை என்பதைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். ஓடுதல், தாண்டுதல், எறிதல், பிடித்தல், ஏறுதல், தொங்குதல், உருளுதல், ஒற்றைக் காலில் நிலைத்து நிற்றல், நீந்துதல் போன்ற அடிப்படை அசைவுகளை எல்லாப் பக்கங்களிலும் பழக்கி, மூச்சுக்கு நீடிப்பும் தசைக்கு வலிவும் மூட்டுக்கு நெகிழ்வும் தருவது பொதுப்பயிற்சி. ஒரு குறிப்பிட்ட விளையாட்டின் நுட்பத்தையும் உத்தியையும் திரும்பத் திரும்பச் செய்து கூர்மையாக்குவது தனிப் பயிற்சி. ஓட்டக்காரன் புறப்பாட்டுக் கட்டையிலிருந்து பாய்ந்தெழப் பழகுவதும், காற்பந்துக்காரன் ஒரே காலால் நூறு முறை பந்தை உதைத்துப் பழகுவதும் தனிப் பயிற்சியே ஆகும். இரண்டும் தேவையானவை, ஒன்றை ஒன்று பகைப்பவையல்ல. எது முதலில், எந்த வயதில், எவ்வளவு என்பதிலேதான் சிக்கல் எழுகிறது.

மாற்றுக் கருத்துடையோர் கூறுவதையும் நேர்மையுடன் எடுத்துரைப்பது நம் கடமை. ‘ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?’ என்று அவர்கள் கேட்கிறார்கள். நம் நாட்டின் பினாங்கு மாநிலத்தில் பிறந்து, சுவர்ப்பந்தாட்டத்தில் எட்டு முறை உலக வெற்றியாளரான நிக்கோல் டேவிட் ஐந்து வயதிலேயே மட்டையைப் பிடித்தவர்தாமே என்று சுட்டிக் காட்டுகிறார்கள். சீருடற்பயிற்சிக் கலை போன்றவற்றில் இளமையிலேயே தொடங்காதவர் உயர இயலாது என்றும் கூறுகிறார்கள். இவை வெறும் வாதங்கள் அல்ல. கண்ணும் கையும் ஒத்திசைந்து இயங்க வேண்டிய ஆட்டங்களை இளமையில் அறிமுகம் செய்வது நன்மையே என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். ஆனால் ஐந்து வயதில் ஓர் ஆட்டத்தைத் தொடங்குவது வேறு. ஐந்து வயதிலேயே மற்ற ஆட்டங்களை எல்லாம் கைவிடுவது வேறு. ஐந்தில் வளைய வேண்டும் என்பது மெய்தான். ஆயினும் எல்லாத் திசையிலும் வளைய வேண்டிய இளங்கொம்பை ஒரே திசையில் வளைத்துக் கட்டிவைக்கலாமா என்பதே எமது கேள்வி.

இதை நாம் பிறர்மீது குறை கூறுவதற்காக எழுதவில்லை. இப்பிழையை நாமே செய்திருக்கிறோம். பல்லாண்டுகளுக்கு முன்னர், வேறோர் ஊரில் நாம் பணியாற்றிய காலத்தில், நான்காம் ஆண்டில் ஒரு சிறுவன் இருந்தான். தாயும் தகப்பனும் வெளிக்காட்டு வேலை செய்து வந்தவர்கள். அவன் ஓடினால் காற்று ஓடுவதுபோல் இருக்கும். எமக்கு ஆசை மேலிட்டது. நாள்தோறும் மாலையில் 100 மீட்டர், மறுபடியும் 100 மீட்டர் என்று அவனை ஓட வைத்தோம். பந்தைத் தொட்டால் கால் சுளுக்கிவிடும் என்று மற்ற விளையாட்டுகளைத் தடுத்தோம். மாவட்டப் போட்டியில் வென்றான்; கோப்பையைத் தலைமையாசிரியர் அறையில் வைத்து மகிழ்ந்தோம். அடுத்த ஆண்டு அவனுக்குக் குதிகாலில் வலி கண்டது. ‘பழகப் பழகச் சரியாகிவிடும்’ என்று சொல்லி மேலும் ஓட வைத்தோம். இடைநிலைப் பள்ளிக்குச் சென்றதும் அவன் திடலுக்கு வருவதையே விட்டுவிட்டான். வலி நாளடைவில் நீங்கியது; ஆர்வமோ திரும்பவில்லை. வளர்ந்து ஆளான பின் ஒருநாள் சந்தையில் எம்மைக் கண்டு அன்போடு பேசியவன், “ஐயா, எனக்கு ஓட்டம் என்றாலே குதிகால்தான் நினைவுக்கு வருகிறது” என்றான். அச்சொல் இன்றளவும் எம் நெஞ்சில் உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தக் கோப்பை எமக்குப் பெருமை தந்தது. அவனுக்கு என்ன தந்தது?

அன்று நாம் அறியாதிருந்ததை மருத்துவ அறிவு இன்று தெளிவாக எடுத்துரைக்கிறது. வளரும் பிள்ளையின் நீண்ட எலும்புகளின் முனையருகே குருத்தெலும்பாலான வளர்ச்சித் தட்டுகள் உள்ளன. எலும்பு நீள்வது இவற்றினால்தான். இவை முதிர்ந்த எலும்பினும் மென்மையானவை. பிள்ளை விரைந்து வளரும் பருவத்தில் எலும்பு முந்தி நீள, தசையும் தசைநாணும் பின்தங்கி இறுக்கமாக நிற்கும். அந்நேரத்தில் ஒரே அசைவை ஓய்வின்றிச் செய்தால், தசைநாண் எலும்பைப் பற்றியுள்ள இடத்தில் இழுப்பு மிகுந்து புண்ணாகும். ஓடியும் குதித்தும் பழகும் சிறுவர்க்குக் குதிகாலிலும், முழங்கால் சில்லுக்குச் சற்றுக் கீழேயும் வலி காண்பது இதனாலேயே. விரைவுப் பந்து வீசும் இளங்கிரிக்கெட் வீரர்களுக்கு முதுகெலும்பில் வெடிப்பு ஏற்படுவதும் உண்டு. பலவகை அசைவுகள் கலந்து வரும்போது பளு உடலெங்கும் பகிரப்படுகிறது. ஒரே அசைவு எனில் ஓரிடமே அதனைச் சுமக்கிறது. காண்டாவாளியின் இருபுறமும் பால் இருந்தால் தோள் தாங்கும். ஒருபுறம் மட்டுமே தொங்கினால் எவ்வளவு தொலைவு நடக்க முடியும்?

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகம் 2016 ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிக்கை இவ்வகையில் கருதத்தக்கது. பெரும்பாலான விளையாட்டுகளில் 15 அல்லது 16 வயது வரை ஒன்றிலேயே ஒடுங்கிவிடாமல் இருப்பது நன்று என்றும், வாரத்தில் ஓரிரு நாள் ஓய்வு வேண்டும் என்றும், ஆண்டில் மொத்தம் மூன்று மாதமேனும் தம் முதன்மை விளையாட்டிலிருந்து பிள்ளைகள் விலகியிருக்க வேண்டும் என்றும் அது அறிவுறுத்துகிறது. இவ்வாறு செய்வதால் காயங்கள் குறையும், மனச்சோர்வும் குறையும். நாமோ பத்து வயதிலேயே முத்திரை குத்திவிடுகிறோம்.

மருத்துவர் கூறுவதை விடுத்து, நம் முன்னோர் வழியையே பார்ப்போம். சிலம்பம் கற்க வந்தவன் கையில் ஆசான் எடுத்தவுடன் கம்பைக் கொடுத்து மோதவிடுவதில்லை. காலடி வைக்கும் முறையைப் பழக்குகிறார். பரதம் கற்க வரும் சிறுமி முதல் நாளே பதம் பிடித்து ஆடுவதில்லை; தட்டடவில் தொடங்கி அடவுகளைப் பயில்கிறாள். இசை கற்பவர்க்கு முதலில் சரளி வரிசை, கீர்த்தனை பின்னர். அடிப்படை அமைந்த பின்னரே சிறப்பு என்பது நம் கலைகள் யாவற்றிற்கும் பொதுவான நெறி. விளையாட்டில் மட்டும் நாம் ஏன் அதனை மறந்தோம்? சுவர் இருந்தால்தானே சித்திரம் எழுத முடியும்?

அடித்தளம் அகலமாக இருந்தால், எவ்விளையாட்டில் தன் திறமை ஒளிந்திருக்கிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுகொள்ளவும் வழி பிறக்கும். உலகிலேயே மிக விரைந்து ஓடிய ஜமைக்கா வீரர் உசைன் போல்ட் சிறுவயதில் நாட்டம் கொண்டது கிரிக்கெட்டில். ஆடுகளத்தில் அவருடைய வேகத்தைக் கண்ட பயிற்றுநரே ஓட்டப் பந்தயத்திற்கு அவரைத் திருப்பிவிட்டார். தமிழ்நாட்டின் சேலம் மாவட்டத்துச் சிற்றூரான பெரியவடகம்பட்டியில் பிறந்த மாரியப்பன் தங்கவேலு, ஐந்து வயதில் பேருந்து ஏறிக் கால் ஊனமுற்றவர். பள்ளியில் கைப்பந்து ஆடிக்கொண்டிருந்த அவரை உயரம் தாண்டச் சொல்லித் தூண்டியவர் அப்பள்ளியின் உடற்கல்வி ஆசிரியர். அம்மாணவர் 2016 ஆம் ஆண்டு ரியோ நகரில் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக் போட்டியில் 1.89 மீட்டர் தாண்டித் தங்கம் வென்றார். ஒரே ஆட்டத்தில் பூட்டி வைக்கப்பட்டிருந்தால் இவர்களின் திறமையை உலகம் கண்டிருக்குமா?

தொலைதூரம் செல்வானேன்? நம் பேராக் மாநிலமே இதற்குச் சான்று பகர்கிறது. கோலகங்சாரில் 1943 இல் பிறந்தவர் மணி ஜெகதீசன். 1960 இல் ரோம் ஒலிம்பிக்கிற்குச் சென்றபோது அவருக்கு வயது 16. 1962 இல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் 200 மீட்டரில் தங்கம் பெற்றார். 1966 இல் பாங்காக்கில் 100 மீட்டர், 200 மீட்டர், 4 x 100 மீட்டர் அஞ்சலோட்டம் ஆகிய மூன்றிலும் தங்கம் வென்று, ஆசியாவின் அதிவேக மனிதர் எனப் புகழப்பட்டார். 1968 இல் மெக்சிகோ ஒலிம்பிக்கில் அரையிறுதி வரை சென்று, 200 மீட்டரை 20.92 விநாடியில் ஓடினார். அந்தத் தேசியச் சாதனை 2017 ஆம் ஆண்டு வரை, ஏறத்தாழ அரை நூற்றாண்டு, முறியடிக்கப்படாமல் நின்றது. ஓடிக்கொண்டே மருத்துவமும் பயின்றமையால் ‘பறக்கும் மருத்துவர்’ என்ற பெயரும் அவருக்கு வாய்த்தது. அவர் தம் வாழ்நாளின் சிறந்த ஓட்டத்தை ஓடியபோது வயது 24. பன்னிரண்டு வயதில் அன்று என்பதைப் பெற்றோர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

நம் தாப்பாவில் அதே 1943 இல் பிறந்தவர் இராஜாமணி என்னும் வீராங்கனை. 1965 இல் கோலாலம்பூரில் நடைபெற்ற தென்கிழக்காசியத் தீபகற்ப விளையாட்டுப் போட்டியில் 200, 400, 800 மீட்டர் ஆகிய மூன்று ஓட்டங்களிலும் வாகை சூடியவர் அவர். மறு ஆண்டு பாங்காக் ஆசிய விளையாட்டில் 400 மீட்டரில் தங்கம் வென்றார். 1966 ஆம் ஆண்டில் நாட்டின் தலைசிறந்த விளையாட்டு வீரர், வீராங்கனை விருதுகள் முதன்முதலாக வழங்கப்பட்டபோது, அவற்றைப் பெற்ற இருவரும் பேராக்கில் பிறந்த இத்தமிழர்களே. 200 மீட்டருக்கு வேண்டுவது வேகம். 800 மீட்டருக்கு வேண்டுவது நீடித்து நிற்கும் மூச்சு. இரண்டும் ஒரே உடலில் குடியிருந்தன என்றால், அவ்வுடலின் அடித்தளம் எத்துணை அகன்றதாக இருந்திருக்க வேண்டும்! அந்நாளில் நாட்டில் விளையாட்டுப் பள்ளியும் இல்லை. புக்கிட் ஜாலில் விளையாட்டுப் பள்ளி தோன்றியது 1996 இல்தான். ‘பெண்பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு?’ என்று இன்றும் கேட்போர்க்கு இராஜாமணி அவர்களின் பெயரே விடையாகும்.

இங்கே ஓர் உண்மையை நாம் மறைக்கக் கூடாது. முந்தைய தலைமுறைக்குப் பொதுப்பயிற்சி என்று தனியாக ஒன்று தேவைப்படவில்லை. தோட்டத்து வாழ்க்கையே அதனைத் தந்தது. லயத்திலிருந்து பள்ளிக்கு நடை, ஆற்றில் நீச்சல், மரத்தில் ஏற்றம், மாலையானால் சடுகுடு, கிட்டிப்புள், நொண்டி, பச்சைக்குதிரை. பிள்ளைகள் அறியாமலேயே அவர்களின் உடல் எல்லாப் பக்கமும் வளர்ந்தது. அதற்காக அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று பாடவும் நாம் முற்படவில்லை. அரைவயிற்றுக் கஞ்சியோடு தாய்க்கு உதவியாக மங்கு துடைத்த பிள்ளையின் களைப்பை உடற்பயிற்சி என்று அழைப்பது கொடுமை. வறுமை ஒருநாளும் பயிற்சி ஆகாது. ஆனால் ஓடியாடிய அந்தத் திறந்தவெளி மட்டும் நிச்சயமாக ஒரு செல்வம்.

அச்செல்வம் இன்று கரைந்துபோயிற்று. ஜெலாப்பாங், மேரு, செம்மோர் வட்டாரத்தில் பால்மரமும் ஈயக் குட்டையுமாக இருந்த நிலங்கள் பல, வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் நெடுஞ்சாலையாகவும் மாறிவிட்டன. லயத்துப் பிள்ளைகளின் பிள்ளைகள் அடுக்குமாடியிலும் தாமான் வீடுகளிலும் வளர்கிறார்கள். பள்ளிக்கு வேனில் வருகிறார்கள், வேனிலேயே திரும்புகிறார்கள். மாலையில் கைப்பேசியே விளையாட்டுத் திடல். கிளேடாங் மலை கண்ணெதிரே நிற்கிறது. அதன் அடிவாரத்தில் வாழ்ந்தும் அதில் ஒருமுறையேனும் ஏறாத பிள்ளைகள் நம்மிடையே உண்டு. இத்தகைய உடலின்மீது கடுமையான தனிப் பயிற்சியை ஏற்றுவது, கடைக்கால் தோண்டாமல் மாடி கட்டுவதற்கு ஒப்பாகும். ஆகவே முன்னர் வாழ்க்கை இலவசமாக அளித்ததை இன்று பள்ளியும் பெற்றோரும் திட்டமிட்டு அளித்தாக வேண்டும். எமது வாதத்தின் உயிர்நாடி இதுவே.

அரசின் கல்வித் திட்டத்திலும் இதற்கு இடமுண்டு. 2011 முதல் ‘ஒரு மாணவர், ஒரு விளையாட்டு’ என்னும் கொள்கை நடப்பிலுள்ளது. ஒவ்வொரு மாணவரும் குறைந்தது ஒரு விளையாட்டிலேனும் பங்கு பெற வேண்டும் என்பதே அதன் நோக்கம். குறைந்தது ஒன்று என்பதை ஒன்றே ஒன்று எனப் பொருள் கொள்ளுதல் தவறு. நான்காம் ஆண்டு முதல் நடத்தப்படும் ‘செகாக்’ உடல்திறச் சோதனையில் பலகையில் ஏறி இறங்குதல், கையூன்றி எழுதல், மல்லாந்து படுத்துத் தோளுயர்த்தி எழுதல், கால் நீட்டி அமர்ந்து கையெட்டுதல் ஆகியவை இடம்பெறுகின்றன. மூச்சையும் தசையையும் நெகிழ்வையும் அளக்கும் நல்ல அளவுகோல் அது. ஆயினும் அளவுகோல் பயிற்சி ஆகிவிடாது. ஆண்டுக்கு இருமுறை கன்றை நிறுத்துப் பார்ப்பதால் கன்று கொழுத்துவிடுமா? நாள்தோறும் புல் போட்டால்தானே கொழுக்கும்?

இன்னொன்றையும் கூற வேண்டும். தனிப் பயிற்சியையே பெரிதெனக் கொள்ளும் பள்ளியில் பன்னிருவர் ஓடுவர். மற்ற நூற்றுவர் வேடிக்கை பார்ப்பர். பிறந்த மாதத்தால் சற்று மூத்தவனும், முந்தி வளர்ந்துவிட்டவனுமே பெரும்பாலும் அந்தப் பன்னிருவரில் இடம்பெறுகிறான். பிந்தி வளரும் பிள்ளை ‘நமக்கு விளையாட்டு வராது’ என்று பத்து வயதிலேயே முடிவுகட்டி ஒதுங்கிவிடுகிறான். 5 முதல் 17 வயது வரையுள்ள ஒவ்வொரு பிள்ளையும் நாள்தோறும் சராசரி 60 நிமிடமேனும் உடலை வருத்தி இயங்க வேண்டும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். பதக்கம் பெறும் பிள்ளை மட்டும் என்று அது கூறவில்லை. நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் நம் குடும்பங்கள் பலவற்றில் புகுந்திருப்பதை நாம் அறிவோம். திடலோரம் நிற்கும் அந்த நூற்றுவரின் பிற்கால உடல்நலமும் இப்பள்ளியின் பொறுப்பே.

‘அப்படியானால் போட்டிகளில் தோற்பதா?’ என்று கேட்கலாம். ஓரிரு ஆண்டுகள் கோப்பைகள் குறையக்கூடும் என்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் நோர்வே என்னும் நாட்டைப் பாருங்கள். மக்கள் தொகை ஏறத்தாழ 55 இலட்சமே. அந்நாட்டின் சிறுவர் விளையாட்டு விதிகளின்படி, பிள்ளைக்கு 11 வயதாகும் ஆண்டு வரை தரவரிசைப் பட்டியல் கிடையாது. 13 வயதாகும் ஆண்டு வரை தேசிய வெற்றியாளர் போட்டியும் கிடையாது. பல விளையாட்டுகளை மகிழ்ச்சியோடு ஆடி வளரவிடுகிறார்கள். அந்தச் சிறிய நாடு 2018, 2022 ஆகிய இரு குளிர்கால ஒலிம்பிக் போட்டிகளிலும் பதக்கப் பட்டியலில் முதலிடம் பெற்றது. பனிநாட்டின் விளையாட்டு வேறு, நம் விளையாட்டு வேறு. எனினும் பொறுத்தவர் தோற்றுவிடுவதில்லை என்பதற்கு இது போதிய சான்று.

இனி, நாம் செய்யத்தக்கவை யாவை? பெருஞ்செலவு ஒன்றும் வேண்டியதில்லை. பள்ளியில் வாரம் மும்முறை, வெயில் ஏறுமுன் 20 நிமிடம், எல்லா மாணவர்க்கும் பொதுப்பயிற்சி நடத்தலாம். கயிறு தாண்டினால் கால் வலிவும் தாளமும் வரும். பழைய டயர்களை வரிசையாகக் கிடத்தித் தாண்டி ஓடினால் கால் சுறுசுறுப்படையும். பச்சைக்குதிரை தாண்டினால் கையும் தோளும் உரம் பெறும். நொண்டி ஆட்டம் உடலைச் சமநிலையில் நிறுத்தும். சடுகுடு மூச்சை வளர்க்கும். விரைந்து திரும்பவும் கற்பிக்கும். பந்தை வலக்கையாலும் இடக்கையாலும் எறியப் பழகலாம். நான்காம் ஆண்டு வரை இவையே போதும். ஐந்தாம், ஆறாம் ஆண்டுகளில் ஒவ்வொரு மாணவரும் ஒரு தடகளப் போட்டி, ஒரு பந்தாட்டம், ஒரு தற்காப்புக் கலை அல்லது நடனம் என மூன்றைச் சுவைத்துப் பார்க்கட்டும். போட்டிக் காலத்தில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்க்குச் சில வாரங்கள் நுட்பப் பயிற்சி அளிப்பதை நாம் தடுக்கவில்லை. அது குழம்பில் இடும் உப்பைப்போல் அளவோடு இருக்கட்டும்.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். காலை இருளில் எழுந்து தோட்டத்திற்கும் தொழிற்சாலைக்கும் சென்று உழைத்துச் சேர்த்த வெள்ளியை மாதக் கட்டணமாகக் கட்டிப் பிள்ளையைப் பயிற்சிக்கு அனுப்புகிறீர்கள். அந்த அன்பை நாம் வணங்குகிறோம். ஆனால் பணம் கட்டுமுன் பயிற்றுநரிடம் சில வினாக்களைத் தயங்காது கேளுங்கள். என் பிள்ளைக்கு வாரத்தில் ஓய்வு நாள் உண்டா? பயிற்சியில் பலவகை அசைவுகள் உண்டா? வலி என்று பிள்ளை சொன்னால் என்ன செய்வீர்கள்? மற்ற விளையாட்டுகளை ஆட விடுவீர்களா? இவற்றிற்கு நேரான விடை கிட்டாவிடில் சற்று யோசியுங்கள். வலியைப் பொறுத்துக்கொள்வது வீரம் என்று பிள்ளைக்குப் போதிக்காதீர்கள். இரு வாரங்களுக்கு மேல் நீடிக்கும் மூட்டு வலியை மருத்துவரிடம் காட்டுங்கள். காலையில் வெறும் வயிற்றோடு அனுப்பாதீர்கள். விலையுயர்ந்த சத்து மாவு தேவையில்லை. முட்டையும் பருப்பும் நெத்திலியும் கீரையும் போதும். இரவில் கைப்பேசியை வாங்கி வைத்துவிட்டு நேரத்தோடு உறங்க வையுங்கள். ஞாயிற்றுக்கிழமை பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு மணி நேரம் நடங்கள். அதற்குக் கட்டணம் இல்லை.

மாணவச் செல்வங்களே! உங்களில் விரைந்து ஓடுபவர், அத்துடன் நின்றுவிடாமல் நீந்தவும் பந்து பிடிக்கவும் கற்றுக்கொள்ளுங்கள். மெல்ல ஓடுபவர், மனம் தளர வேண்டாம். உங்கள் உடல் இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது; எந்த ஆட்டம் உங்களுக்காகக் காத்திருக்கிறது என்பதை இன்றே யாரும் சொல்லிவிட முடியாது. வலித்தால் ஆசிரியரிடம் சொல்லுங்கள். நாம் கேட்போம். ஒருமுறை கேளாதிருந்து கற்ற பாடம் எமக்குப் போதும்.

இப்பள்ளித் திடலில் இருந்து நாளை ஒரு ஜெகதீசனோ ஓர் இராஜாமணியோ தோன்றலாம்; தோன்றாமலும் போகலாம். அது நம் கையில் இல்லை. ஆனால் இங்கு பயிலும் ஒவ்வொரு பிள்ளையும் நாற்பது வயதிலும் மூச்சு வாங்காமல் படியேறவும், தன் பிள்ளையோடு ஓடி விளையாடவும் வல்ல உடலோடு வெளியேறுவது நம் கையில் இருக்கிறது. கத்தி வைக்கும் காலம் வரும். அதுவரை கன்றுக்கு நீரூற்றுவோம், வேலி கட்டுவோம், சுற்றளவு பெருகக் காத்திருப்போம்.

வளர்க நம் இளங்கன்றுகள்! வாழ்க நம் பள்ளி!